திருவையாற்று ஏழூர் வலமும் அணைந்தோர் தன்மையும்

திருச்சிற்றம்பலம்

திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய பாவநாசத் திருக்குறுந்தொகையை ஓதுவார்க்கு ஓர் ஐயம் நிகழ்தல் இயல்பு. கங்கையிற் குளிப்பினும் காவிரியிற் படியினும், இறைவன் எங்கும் உளன் என்று கொள்ளாதார்க்கு அவற்றான் எய்தும் பயன் இல்லை என்பது அப்பதிகத்தின் திரண்ட பொருள். இங்ஙனம் பாடிய அப்பெருந்தகையாரே தமது வாழ்நாளின் பெரும்பகுதியை ஊர்தோறும் நடந்து சென்று வழிபடுதலிற் கழித்தார். க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்துள் தலங்களை நிரல்படக் கோத்தார். அடைவுத் திருத்தாண்டகத்துள் அவற்றை ஊர்ப்பெயரின் ஈறு பற்றி வகுத்து எண்ணினார். திருக்கயிலையை நோக்கி நடந்தபோது கால் தேய்ந்த பின்னரும் நடையை ஒழிந்திலர்.

எங்கும் உள்ள பொருளைக் காண்டற்கு ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்கு நடத்தல் எற்றுக்கு? நடத்தல் வேண்டுமாயின் எங்கும் உளன் என்றது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினா நூலறிவினார் வாதத்திற்கு மட்டும் உரியதன்று. யாத்திரை செய்யும் ஒவ்வோர் அன்பரும் தம்முள்ளே விடை காணவேண்டிய வினாவாம். இதற்கு விடையாகக் காவிரிக் கரையிற் பன்னெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழிபாட்டினையே சான்றாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். அது திருவையாற்று ஏழூர்த் திருவிழா. வடமொழியாளர் இதனைச் சப்தஸ்தானம் என்பர்.

வழியின் அமைப்பு

ஏழூர்கள் ஆவன: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்பன. இவற்றுள் திருநெய்த்தானம் இப்போது தில்லைஸ்தானம் என வழங்குகின்றது. திருவையாறும் திருப்பழனமும் திருநெய்த்தானமும் காவிரியின் வடகரையில் உள்ளன. ஏனைய நான்கும் தென்கரைத் தலங்கள். திருக்காட்டுப்பள்ளியின் அருகே காவிரியினின்றும் பிரியும் குடமுருட்டி இவ்விரு தொகுதிக்கும் இடையே ஓடுகின்றது. ஆதலின் ஏழூரையும் சூழ நடப்போர் போகும்போது இரண்டு ஆறுகளையும், மீளும்போது மீண்டும் அவ்விரண்டையும் கடத்தல் வேண்டும்.

சித்திரைப் பெருந்திருவிழாவின் முடிவில், விசாக நாளையொட்டி, ஐயாறப்பர் அறம்வளர்த்த நாயகியாரோடு கண்ணாடிப் பல்லக்கில் எழுந்தருளுவர். நந்தியெம்பெருமானும் சுயசாம்பிகையாரும் வெட்டிவேர்ப் பல்லக்கில் உடன் எழுந்தருளுவர். புறப்பட்ட பல்லக்குக்கள் முதலிற் கிழக்கே திருப்பழனத்தை அடையும். அங்கிருந்து ஆற்றைக் கடந்து திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி என மேற்கு நோக்கிச் சென்று, மீண்டும் ஆறு கடந்து திருநெய்த்தானம் சார்ந்து, முதல்நாட் புறப்பட்ட திருவையாற்றை மறுநாள் வந்தடையும். ஒவ்வோரூரிலும் அவ்வூர்ப் பெருமான் பல்லக்கில் எழுந்தருளி ஐயாறப்பரை எதிர்கொண்டு, பின்னர் உடன் செல்வர். ஒன்றாகத் தொடங்கிய திருவுலா ஊர்தோறும் பெருகி, ஈற்றில் ஏழூர்ப் பல்லக்குக்களும் ஒருங்கு கூடிய காட்சியாக முடிகின்றது. இரவும் பகலும் உடன் நடக்கும் அன்பர் கூட்டமும் அவ்வாறே பெருகுகின்றது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. தேவாரத் தலங்களை எண்ணும் தலமுறை வைப்பில், காவிரி வடகரைத் தலங்கள் 63, தென்கரைத் தலங்கள் 127. வடகரையில் தில்லை தொடங்கி மேற்கே எண்ணிச் சென்று, தென்கரையில் மேற்கினின்றும் கிழக்கே எண்ணி வருதல் அவ்வைப்பின் முறை. அதன்படி வடகரையில் திருப்பழனம் 50, திருவையாறு 51, திருநெய்த்தானம் 52 ஆகும். தென்கரையில் திருப்பூந்துருத்தி 11, திருக்கண்டியூர் 12, திருச்சோற்றுத்துறை 13, திருவேதிகுடி 14 ஆகும். ஏழூர்த் திருவுலாவோ வடகரையிற் கிழக்கு நோக்கியும் தென்கரையில் மேற்கு நோக்கியும் செல்கின்றது. அஃதாவது எண்ணுமுறைக்கு மாறாக, காவிரியை வலப்பக்கத்தே கொண்டு வலம்வரும் முறையிற் செல்கின்றது. எண்ணுதற்கு வகுத்த நிரல் வேறு, வணங்குதற்கு வகுத்த நெறி வேறு என்பது இதனால் விளங்கும். கோயிலினுள் திருச்சுற்றில் வலம்வரும் அடியார், ஈண்டு ஓர் ஆற்றுப்புறம் முழுவதையுமே திருச்சுற்றாகக் கொண்டு வலம்வருகின்றனர்.

காலத்தின் பொருத்தமும் கருதத்தக்கது. சித்திரை வைகாசித் திங்கள்களிற் காவிரி வற்றி மணல் தோன்றும். 1934 இல் மேட்டூர் அணை முடிந்தபின் பாசன நீர் திறத்தற்குரிய நாளாக ஜூன் 12 கொள்ளப்பட்டு வருகின்றது. அணை எழுதற்கு முன்னரும் குடகில் மழை பெய்து ஆனி ஆடித் திங்கள்களிற் புதுநீர் வரும்வரை ஆறு சுருங்கியே கிடக்கும். பல்லக்குச் சுமப்பாரும் உடன் நடப்பாரும் பாலத்தை வேண்டாது ஆற்று மணலிலேயே இறங்கி ஏறுதற்கு ஏற்ற காலம் அதுவே. உழவர்க்கும் அஃது அறுவடை முடிந்து அடுத்த விதைப்பிற்குக் காத்திருக்கும் ஓய்வு நாள். ஆகவே இவ்வலம் நிலத்தின் இயல்பையும் குடிகளின் தொழிலையும் அறிந்த பெரியோர் வகுத்த முறை என்பதில் ஐயமில்லை.

பெயர்களும் புராண வழக்கும்

ஏழூர்த் திருவிழாவிற்குக் காரணமாகத் தலபுராணங் கூறும் வரலாறு அன்பர் பலரும் அறிந்ததே. சிலாத முனிவர் பெற்ற செப்பேசர் என்னுஞ் சிறுவர் திருவையாற்றில் அருந்தவம் புரிந்து, சிவபெருமானாற் கணங்களுக்குத் தலைவராக முடிசூட்டப்பெற்று நந்தியெம்பெருமான் ஆயினர். ஐயாறப்பர் தாமே தந்தையாக நின்று, வியாக்கிரபாத முனிவரின் திருமகளாராகிய சுயசாம்பிகையாரைத் திருமழபாடியில் அவர்க்கு மணஞ்செய்வித்தனர். பங்குனிப் புனர்பூசத்தில் அத்திருமணவிழா கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள அவ்வூரில் இன்றும் நடைபெறுகின்றது. அத்திருமணத்திற்குச் சோற்றுத்துறையினின்று உணவும், பழனத்தினின்று பழங்களும், பூந்துருத்தியினின்று மலர்களும், நெய்த்தானத்தினின்று நெய்யும், வேதிகுடியினின்று வேதியரும், கண்டியூரினின்று அணிகலன்களும் வந்தன என்பர். உதவிய ஊர்களுக்கு நன்றி பாராட்டும் பொருட்டு மணமக்களை உடன்கொண்டு ஐயாறப்பர் எழுந்தருளுவதே ஏழூர்த் திருவிழா என்பது வழக்கு.

இவ்வழக்கை வரலாற்று முறையில் ஆராயுங்கால் ஊர்ப்பெயர்களின் பொருளை முதற்கண் நோக்குதல் வேண்டும். பழனம் என்னுஞ் சொல் பண்டைத் தமிழில் வயலைக் குறிக்கும், பழத்தை அன்று. துருத்தி என்பது ஆற்றிடைக்குறை. துறை என்பது ஆற்றில் இறங்கும் இடம். ஐயாறு என்பதோ வெளிப்படை. ஏழு பெயர்களுள் நான்கு, நீரையும் நீர்வளம் பெற்ற நிலத்தையும் பற்றி எழுந்தன. அப்பெயர்கள் மூவர் தேவாரத்திலேயே நிலைபெற்றுவிட்டன. ஆகவே ஊர்ப்பெயர் முன்னது என்றும், அப்பெயர்களை மணவினைக்கு வேண்டும் பொருள்களோடு இயைத்த விளக்கம் பின்னது என்றும் கொள்ளுதல் சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தும்.

இங்ஙனங் கூறுதல் தலபுராணத்தை இகழ்ந்ததாகாது. சோறும் பூவும் நெய்யும் ஓரூர்க்கு மற்றோரூர் உதவுவது ஆற்றங்கரை வாழ்வின் உண்மை. அதனைத் திருமணமாக உருவகித்து, உதவியை மறவாமை இறைவனே காட்டிய ஒழுக்கமாகப் புராணம் உரைக்கின்றது. சொல்லின் வரலாறு ஒன்று, சொல்லப்பட்ட அறம் ஒன்று. முன்னதை ஆராய்பவர் பின்னதை இழத்தல் வேண்டா.

தலங்களின் தொன்மைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் பல உள. திருநெய்த்தானக் கோயிலிலுள்ள ஒரு கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட முதலாம் ஆதித்த சோழனும் சேரமான் தாணு இரவியும் கூடி விக்கியண்ணன் என்பானுக்குச் செம்பியன் தமிழவேள் என்னும் பட்டமும் சிறப்புக்களும் அளித்ததனைக் கூறும். திருவையாற்றுத் திருக்கோயிலின் வளாகத்துள் உள்ள வடகயிலாயம், முதலாம் இராசராச சோழனுடைய (985 - 1014) தேவியாராகிய உலோகமாதேவியார் எடுப்பித்த உலோகமாதேவீச்சரமாம். அவ்வளாகத்திலேயே தென்கயிலாயமும் உளது. காவிரிக் கரையில் இரண்டு கயிலாயங்கள் எழுந்தமைக்குக் காரணம், அப்பர் சுவாமிகள் வரலாற்றை அறிந்தார்க்குத் தானே புலனாம்.

காவிரி நாட்டில் இத்தகைய ஏழூர் வழிபாடு திருவையாற்றிற்கு மட்டும் உரியதன்று. குடந்தையைச் சார்ந்தும், மயிலாடுதுறையைச் சார்ந்தும், திருநீலக்குடியைச் சார்ந்தும் ஏழூர்த் தொகுதிகள் உள. சக்கரப்பள்ளி, அரியமங்கை, சூலமங்கை, நந்திமங்கை, பசுமங்கை, தாழமங்கை, புள்ளமங்கை என்னும் ஏழூர்கள் எழுவர் அன்னைமார் வழிபட்டனவாகப் போற்றப்படுகின்றன. ஓரூர்க் கோயில் தனித்து நில்லாது அயலூர்க் கோயில்களோடு உறவு பூண்டு நிற்றல் சோழநாட்டுச் சைவ மரபின் ஓர் இலக்கணம் என்பது இவற்றாற் பெறப்படும்.

நடந்த பெரியோர்

ஏழூர்களையும் தனித்தனிப் பாடியருளியவர் திருநாவுக்கரசு சுவாமிகள். திருஞானசம்பந்த சுவாமிகள் பதிகங்களாக இப்போது கிடைப்பனவற்றுள் திருப்பூந்துருத்திக்கு ஒன்றும் இல்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகங்கள் திருவையாற்றிற்கும் திருச்சோற்றுத்துறைக்கும் உள்ளன. சம்பந்தர் பதிகங்களும் சுந்தரர் பதிகங்களும் பண்முறையாலும், அப்பர் பதிகங்கள் பண்ணும் யாப்பும் பற்றியும் தொகுக்கப்பட்டமையின், எத்தலத்தை எப்போது அடைந்தனர் என்னும் நடைமுறை அத்தொகுப்பால் விளங்காது. அதனை மீட்டுத் தந்தவர், இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133 - 1150) காலத்தே திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் சுவாமிகளே. அவர் காட்டும் வழியே ஏழூரைச் சூழ்ந்துவரின், நான்கு இடங்களில் நடைவழிபாட்டின் உட்பொருள் வெளிப்படக் காணலாம்.

முதலாவது திருப்பழனம். அதன் அருகேயுள்ள திங்களூரில் அப்பூதியடிகள், தாம் கண்டறியாத நாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தர் முதலிய அறங்கள் செய்து வாழ்ந்தார். வழிநடந்து வந்த அரசர் அப்பந்தரிற் பொறித்திருந்த தம்பெயரைக் கண்டு வியந்து, அடிகளை வினவி, அவர் மனையில் அமுது செய்ய இசைந்தார். அன்று அரவு தீண்டி இறந்த அவர் மகனைத் திருப்பதிகம் பாடி எழுப்பினார். பின்னர்த் திருப்பழனத்தில் அருளிய பதிகத்துள் அப்பூதியடிகளைச் சிறப்பித்துப் போற்றினார். அவர் நடந்து வந்திலரேல் அத்தண்ணீர்ப்பந்தரைக் கண்டிரார். நடைவழிக்குத் தண்ணீர்ப்பந்தர் அணி. அப்பந்தர்க்கு வழிநடப்போரே பயன். ஏழூர் நாளில் வழிநெடுக நீர்மோரும் பானகமும் அளிக்கும் அன்பர் அப்பூதியடிகள் வழிவந்தோர் ஆவர்.

இரண்டாவது திருக்கண்டியூர். அட்டவீரட்டத்துள் ஒன்றாகிய இத்தலத்தை வணங்கிய சுந்தரமூர்த்தி சுவாமிகளும் சேரமான் பெருமாள் நாயனாரும் எதிர்க்கரையில் திருவையாற்றைக் கண்டனர். ஆறோ கரைபுரண்டு ஓடிற்று, ஓடமும் செல்லாது. சுந்தரர் திருப்பதிகம் பாட, மேல்வரும் நீர் தேங்கி நிற்ப, கீழ்நீர் வடிந்து மணல்வழி தோன்றிற்று. இருவரும் அவ்வழி நடந்து ஐயாறப்பரை வணங்கி மீண்டனர். அப்பெருமக்கள் திருவருளாற் பெற்ற மணல்வழியை, ஏழூர்த் திருவுலா கோடையின் அருளால் ஆண்டுதோறும் பெறுகின்றது.

மூன்றாவது திருப்பூந்துருத்தி. ஈண்டு நாவுக்கரசர் திருமடம் அமைத்துத் தங்கியிருந்த காலத்தே, பாண்டிநாட்டினின்று மீண்ட ஆளுடையபிள்ளையார் முத்துச்சிவிகையில் எழுந்தருளினர். அரசர் ஒருவரும் அறியாவண்ணம் கூட்டத்துட் புகுந்து சிவிகையைத் தாங்குவாரோடு தாங்கினர். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினவ, அடியேன் நும் திருவடி தாங்கும் பேறு பெற்று ஈண்டுளேன் என விண்ணப்பித்தனர். பிள்ளையார் விரைந்து இழிந்து வணங்கினர். அவ்விடம் சம்பந்தர்மேடு எனப் போற்றப்படுகின்றது. ஆண்டிலும் அறிவிலும் முதிர்ந்த பெரியார் ஒருவர் பல்லக்குச் சுமந்த நிலம் இது. இந்நிலத்தின்மீதே ஏழூர்ப் பல்லக்குக்களை ஊரார் தோளிற் சுமந்து செல்கின்றனர் என்பதை நினைப்பார்க்கு, சீபாதந் தாங்குதல் கூலிக்குரிய தொழிலாகத் தோன்றாது; அரசர் ஏற்ற திருத்தொண்டாகவே தோன்றும்.

நான்காவதும் தலையாயதும் திருவையாறு. திருக்காளத்தியை வணங்கிய அரசர், திருக்கயிலையில் இறைவன் வீற்றிருக்குங் கோலங் காண விழைந்து வடக்கே நடந்தார். திருப்பருப்பதம் வணங்கி, பல நாடுகளையுங் கடந்து வாரணாசியை அடைந்தார். அதற்கப்பால் உடன்வந்தோரை விடுத்துத் தனியராய் இரவும் பகலும் நடந்தார். கால் தேய்ந்தது; கையால் ஊர்ந்தார். கை தேய்ந்தது, மார்பினால் உந்தினார். அதுவும் இயலாது புரண்டார். புரளவும் ஒல்லாது கிடந்தார். அந்நிலையில் முனிவராய் வந்த பெருமான், மானிட உடம்பினர்க்குக் கயிலை அடைதற்கரிது, மீளுக என்றனர். காணாது மீளேன் என்றனர் அரசர். உடம்பு முன்போல் நலம்பெற எழுக என்று வானிடை ஒலி எழுந்தது. ஆணைப்படி அங்குள்ள பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றுப் பொய்கையில் எழுந்தார். ஆங்கே நிற்பனவும் இயங்குவனவும் தத்தம் துணையோடு பொலிய, எல்லாம் சத்தியும் சிவமுமாய் விளங்கக் கண்டு பாடினார். ஆடி அமாவாசையில் இந்நிகழ்ச்சி இன்றுங் கொண்டாடப்படுகின்றது.

ஐயமும் விடையும்

இனி முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கயிலை நடையின் முடிவை மேலோட்டமாக நோக்குவார், நடந்தது வீண் என்பர். காணவேண்டிய காட்சி திருவையாற்றிலேயே கிடைத்ததாயின் வாரணாசிக்கப்பாற் சென்று உடல் தேய்ந்தது எற்றுக்கு என்பர். இறைவன் எங்கும் உளன் என்பதே விடையாயின், திருவதிகையிலேயே இருந்து காண்டல் கூடாதோ என்றும் வினவுவர்.

இதற்கு மெய்கண்டதேவர் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் விடை உளது. இறைவன் எங்கும் நிறைந்தவனேயெனினும், அடியார் திருவேடத்தும் ஆலயத்தும் விளங்கி நிற்பான். ஏனை இடங்களில் விளங்காது நிற்பான். முன்னையது தயிரில் நெய் போல்வது. பின்னையது பாலில் நெய் போல்வது. பாலிலும் நெய் உண்டு. அதனை இல்லையென்பார் பேதையர். ஆயினும் பாலைக் கண்டார் நெய்யைக் கண்டாரல்லர். பாலில் மறைந்த நெய்யை நாவுக்கரசரும் உவமையாக எடுத்தாண்டு, அன்பைக் கோலாகவும் உணர்வைக் கயிறாகவும் கொண்டு கடைந்தார்க்கு அது முன்னிற்கும் என்று பாடினார். எங்கும் உளன் என்பது பொருளின் இயல்பு. கடைந்தாலன்றித் தோன்றான் என்பது காண்பானின் நிலை. இவ்விரண்டும் தம்முள் முரணா. முன்னதை அறியாது நீராடுவார்க்குப் பயனில்லை என்றது திருக்குறுந்தொகை. முன்னதை அறிந்தமையாற் கடைதலை ஒழியலாம் என்று அது யாண்டுங் கூறிற்றிலது. வாரணாசிக்கப்பால் அரசர் தேய்ந்தது அக்கடைதலே. உடம்பு தேயத் தேய, யான் நடக்கின்றேன் என்னும் முனைப்புந் தேய்ந்தது. அது முற்றத் தேய்ந்தவிடத்துக் கயிலை திருவையாற்றில் வெளிப்பட்டது.

மற்றோர் உண்மை இதனினுஞ் சிறந்தது. யாத்திரை, சரியை நிலையில் நிற்பார்க்கே உரியது என்றும், ஞானம் எய்தினார்க்கு வேண்டாதது என்றும் கருதுவார் பலர். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்தில் தாதமார்க்கத்தை விளக்குமிடத்து, திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர்த்தொண்டு, விளக்கிடுதல் முதலியவற்றோடு அடியாரைக் கண்டு பணிந்து அவர்க்கு ஏவல் செய்தலையும் கூறினார். இதனை மட்டுங் கொண்டு, தலவழிபாடு ஏணியின் முதற்படி, மேலேறினார் அதனை விடுவர் என்று முடிப்பது பொருந்தாது. பன்னிரண்டாஞ் சூத்திரம் சாதகரைப் பற்றியதன்று. திருவடியை அடைந்த சீவன்முத்தரது ஒழுக்கத்தைக் கூறுவது. அணைந்தோர் தன்மை எனப் பெயர் பெறுவது. மலத்தைக் கழுவி, அன்பரோடு கூடி, திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கண்டு தொழுதல் அவர்க்கு விதிக்கப்பட்டது. ஏணியின் முதற்படியிற் கண்ட தொழில், ஏறி முடித்தார்க்கும் உரியதாய் நிற்கின்றது. தொழில் ஒன்றாயினும் செய்வாரது நிலை வேறு. முன்னர்ப் பெறுதற்பொருட்டுச் செய்தது, பின்னர்ப் பெற்ற அன்பினாற் செய்யப்படுகின்றது.

இதற்கு வரலாற்றுச் சான்று நாவுக்கரசர் வாழ்வே. கயிலைக் காட்சி பெற்றபின் அவர் நடத்தலை ஒழித்து ஓரிடத்தே அமர்ந்திலர். திருவையாற்றில் வழிபட்டிருந்து, திருநெய்த்தானமும் திருமழபாடியும் முதலிய தலங்களை வணங்கி, திருப்பூந்துருத்தியை அடைந்து, அங்கே திருமடம் கண்டு, திருத்தொண்டு செய்திருந்து, பிள்ளையாரின் சிவிகையையுந் தாங்கினர் என்பது சேக்கிழார் வாக்கால் அறியக் கிடக்கின்றது. இவை யாவும் ஏழூர் வழியிலும் அதன் அயலிலும் நிகழ்ந்தன என்பது கருதத்தக்கது. சூத்திரங் கூறும் மூன்றும், அஃதாவது அன்பரொடு கூடுதலும், திருவேடத்தை வணங்குதலும், ஆலயத்தை வணங்குதலும், மெய்கண்டதேவர்க்குப் பன்னூற்றாண்டு முன்னரே அவ்வழியில் நடந்து காட்டப்பட்டன. பின்னர் எழுந்த சூத்திரம் அவ்வொழுக்கத்திற்கு இலக்கணம். ஏழூர் வலம் அதன் திருவிழா. வலத்தின் முடிவில் அமைந்த ஊர் நெய்த்தானம் என்னும் பெயருடைத்தாதல், தயிரில் நெய்யை உவமித்த சூத்திரக் கருத்தை உன்னுவார்க்கு இனிய நினைவாகும்.

இறைவன் நடந்த வழி

ஈண்டு இன்னும் ஒன்று கூறாதொழிதல் நேர்மையாகாது. ஏழூர் வலத்தில் அடியார் இறைவனை நாடி நடத்தலே அன்றி, இறைவன் அடியாரை நாடி எழுந்தருளுதலும் உண்டு. நம் நாட்டில் அடியாருட் பலர் பிறப்புக் காரணமாகக் கோயிலினுட் புகாவண்ணம் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தனர். சென்னை மாகாணத்தில் 1939 இலும் 1947 இலும் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டங்களால் அத்தடை சட்டத்தளவில் நீங்கிற்று. அதுவரை அவ்வடியார்க்குக் காட்சி கிடைத்த இடம் வீதியும் ஆற்றங்கரையுமே. திருவுலாவில் எழுந்தருளும் திருமேனியே அவர்க்கு மூலத்தானம்.

திருப்புன்கூரில் வெளியே நின்று காண ஏங்கிய நந்தனார்க்குக் காட்சி தர, இறைவன் தன் திருமுன்னர் இருந்த நந்தியை விலகுக என்று ஆணையிட்டமை நாம் ஓதும் வரலாறு. விலகிய அந்நந்திக்கு மணவிழாச் செய்து, அவரை உடன்கொண்டு ஊர்தோறும் இறைவன் எழுந்தருளும் திருவிழா இது. இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பார், நந்தி மறைத்தற்கு அமைந்தவர் அல்லர், வழிவிடுதற்கும் உடன்வருதற்கும் அமைந்தவர் என்பதை உணர்வர். எவரையேனும் புறத்தே நிறுத்திவிட்டு நடக்கும் வலம், ஏழூரையும் சுற்றி வரினும் வலம் ஆகாது. அன்பரொடு கூடி என்ற சூத்திரச் சொற்கு, பிறப்பு நோக்கி வரம்பிட மெய்கண்டதேவர் ஒருசொல்லும் வைத்திலர்.

இக்காலத்தில் ஊர்திகளில் ஏறி ஏழு கோயில்களையும் அரைநாளில் வணங்கி மீள்வார் மிகப் பலர். முதியோரும் நோயினரும் அங்ஙனம் வருதல் குற்றமன்று. நெல்வாயிலரத்துறையை நோக்கி நடந்த ஆளுடையபிள்ளையாரின் சிற்றடி நொந்தது கண்டு இறைவனே முத்துச்சிவிகை அளித்தான் அன்றோ? உடம்பை வருத்துதலே வழிபாடு என்பது சித்தாந்தத் துணிபு அன்று. ஆயினும் நடக்க வல்லார் நடவாதொழியின் இழப்பது யாது என்பதை எண்ணுதல் வேண்டும். கோயில்கள் ஏழும் அவர்க்கும் கிடைக்கும். இடையிலுள்ள வழி கிடையாது. தண்ணீர்ப்பந்தரில் நீர் அளிப்பாரைக் காணார். பல்லக்கிற்குத் தோள் கொடார். அடியார் இணக்கம் என்று சூத்திரம் ஓதியதற்கு இடம் பெரும்பாலும் கோயிற்கும் கோயிற்கும் இடையிலேயே உளது.

ஆகலின், கால் வலியுடைய அன்பர்கள் ஒருமுறையேனும் சித்திரை விசாகத்தையொட்டி ஏழூரையும் நடந்து வலம்வருதல் தகும். தருமபுர ஆதீனத்தின் ஆட்சியிலுள்ள ஐயாறப்பர் திருக்கோயிலினின்று புறப்பட்டு, திருப்பழனத்தில் அப்பூதியடிகளை நினைந்து, கண்டியூரில் சுந்தரரையும் சேரமானையும் நினைந்து, பூந்துருத்தியில் அரசரின் தோளை நினைந்து, நெய்த்தானம் வழியாக மீண்டும் திருவையாற்றை அடைக. எங்கும் உள்ள பொருளை ஓரிடத்துக் காண நடந்தவர், ஓரிடத்துக் கண்ட பொருளை எங்கும் காணும் உணர்வோடு வீடு திரும்புவர். அவ்வாறு திரும்புதலே அவ்வலத்தின் பயன்.

திருச்சிற்றம்பலம்